பொருள்: விந்தகத்திலும் புற்றிலும் காணும் புரதங்களுக்கு ஒரு பெயர் (அவசரம், வெள்ளிக்குள்)

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நோயாளர் கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். நோயாளியின் டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப அவர் உடம்பிலேயே ஏற்றும் சிகிச்சை பற்றியது. சைனோவியல் சார்கோமாவுக்கு (பெரும்பாலும் மூட்டுப் பக்கம் வரும் ஒரு புற்று) இப்படி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. அது குறிவைப்பது மேஜ்-ஏ4 என்ற புரதத்தை. நல்ல உடம்பில் இந்தப் புரதம் பெரும்பாலும் விந்தகத்தில், விந்தணுவை உண்டாக்கும் செல்களில்தான் இருக்கும். சில புற்றுகளில், மூடிக்கிடந்த மரபணு திறந்துகொண்டு நுரையீரலிலோ தோலிலோ மூட்டுப் பக்கத்திலோ அதே புரதம் தலைகாட்டுகிறது. விந்தகத்தின் அந்தச் செல்களில் எச்எல்ஏ (புரதத் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் மூலக்கூறு) இல்லாததால் டி செல்லுக்கு அவை தெரிவதில்லை, அதனால் தாக்குதல் கட்டியின் மேல் மட்டும் விழும் என்பதுதான் கணக்கு.

இவ்வகைப் புரதங்களுக்கு "புற்று-விந்தக எதிர்ப்பொருள் தூண்டி" (தூண்டி என்றது ஆன்டிஜெனை) என்று எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்த தோழி, இது விந்தகப் புற்றுநோய்க்கான கையேடா என்று கேட்டார். முழங்கால் பக்கம் கட்டி வந்த ஒரு பெண் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? குழப்பாத பெயர் ஒன்று சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

----

அம்மா, உங்கள் கேள்விக்கு வருமுன் ஒன்று. விந்தகம் என்ற சொல்லே எனக்கு நெடுநாள் உறுத்தல். விந்து வடமொழி பிந்துவின் வழி வந்தது. நமக்கு வித்து இருக்கிறது, "வித்தும் இடல்வேண்டும் கொல்லோ" என்று வள்ளுவரே ஆண்ட சொல். விந்துவைத் தமிழென்றே வைத்துக்கொண்டாலும் சிலம்பு + அதிகாரம் சிலப்பதிகாரம் ஆகிறது, மருந்து + பை மருத்துப்பை ஆகிறது, அப்படியானால் விந்து + அகம் வித்தகம் என்றல்லவா புணர வேண்டும்? இரு வழியில் போனாலும் வித்தகத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். வித்தகப் புரதம் என்று துணிந்து எழுதுங்கள்.

திருச்சியிலிருந்து

----

ஐயா, மன்னிக்கவும், பந்து + ஆட்டம் பந்தாட்டம்தானே? மென்தொடர் (ந்து, ம்பு) எல்லா இடத்திலும் வன்தொடர் (த்து, ப்பு) ஆவதில்லை. அதைவிட, "வித்தகர்க் கல்லால் அரிது" என்று வள்ளுவரின் இன்னொரு குறளில் வித்தகர் அறிஞராக நிற்கிறார். வித்தகம் என்றால் திறமை என்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். புற்றுநோய் என்று கேட்டுக் கலங்கி உட்கார்ந்திருப்பவருக்கு நாம் ஏன் இன்னொரு புதிர் போட வேண்டும்? தூய்மை முக்கியம்தான், ஆனால் முதலில் புரிய வேண்டும்.

கோவையிலிருந்து

----

வணக்கம். எங்கள் பாடப்புத்தகங்களில் இது விதை. உயர்தர வகுப்பில் விந்தகம் என்று சொன்னால் பிள்ளைகள் முழிப்பார்கள். செல்லை நாங்கள் கலம் என்கிறோம். நீங்கள் எதிர்ப்பொருள் தூண்டி என்பது எங்களுக்குப் பிறபொருளெதிரியாக்கி. விதைப் பிறபொருளெதிரியாக்கி என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பலகை போய்விடும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஈழத்து வாசகரும் இந்தக் கையேட்டைப் படிப்பார்கள் என்றால் விதையையும் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கோ அக்கா.

யாழ்ப்பாணத்திலிருந்து

----

ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர்ப்பொருள் தூண்டி என்பதே இந்த இடத்தில் வழிதவற வைக்கிறது. இந்தச் சிகிச்சையில் வேலை செய்வது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இல்லை, டி செல். புரதத்தின் சிறு துண்டு ஒன்று, பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம், எச்எல்ஏயின் மேல் உட்கார்ந்திருக்கும். டி செல் அதைத்தான் பார்க்கிறது. 1991இல் பிரஸ்ஸல்ஸில் தியரி பூனின் குழு முதல் மேஜ் மரபணுவைப் பிடித்ததும் ஒரு மெலனோமா (தோல் புற்று) நோயாளியின் டி செல்களை வைத்துத்தான்.

அப்புறம், 'தனி', 'மட்டும்' என்ற சொற்களைப் பெயரில் கொண்டுவராதீர்கள். நஞ்சுக்கொடியிலும் இவற்றில் சில உண்டு. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் மேஜ்-ஏ3ஐக் குறிவைத்த டி செல்களை 9 பேருக்கு ஏற்றினார்கள். மூவருக்கு மூளை பாதித்தது, இருவர் இறந்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த மேஜ்-ஏ12 மூளையிலும் இருந்திருக்கிறது, அந்த டி செல்கள் அதையும் அடையாளம் கண்டுவிட்டன. விந்தகத்தில் மட்டும் இருப்பது என்று பெயரே உறுதி கொடுத்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது நியாயம் இல்லை.

வேலூரிலிருந்து

----

டி செல் மட்டும்தான் என்பது சரியில்லை தம்பி. இதே வகைப் புரதமான என்ஒய்-ஈசோ-1 கிடைத்தது (1997) உணவுக்குழல் புற்று நோயாளி ஒருவரின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளை வைத்து. ஆகவே எதிர்ப்பொருள் தூண்டி என்பது முழுப் பொய்யும் ஆகாது. சொல்லை அவ்வளவு சீக்கிரம் தூக்கி எறியாதீர்கள்.

கோவையிலிருந்து

----

சரி, வித்தகத்தை விடுகிறேன். மூடிக்கிடந்த மரபணு திறக்கிறது என்று அம்மா எழுதினார்களே, அதையே பிடிப்போம்: துயிலெழு புரதம். வினைத்தொகை, நான்கு எழுத்துக்குள் செயல் முழுவதும் அடங்கிவிடுகிறது. உறுப்பின் பெயர் இல்லை, எந்தப் பெண்ணும் குழம்ப மாட்டார்.

திருச்சியிலிருந்து

----

ஐயா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புற்றில் விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் இன்னும் எத்தனையோ உண்டு. கருவில் இருந்து பிறந்தபின் அடங்கிப்போகும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் கல்லீரல் புற்றில் திரும்ப வருகிறதே, அதுவும் துயிலெழுவதுதான். விந்தகத்தை எடுத்துவிட்டால் இந்த வகையைப் பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சாது. இருக்கிற இரண்டு இடத்தையும் சொல்லி 'பொது' என்று சேர்க்கலாம்: புற்று-விந்தகப் பொதுப்புரதம்.

வேலூரிலிருந்து

----

அனைவர்க்கும் நன்றி. பொதுப்புரதத்தைத் தோழியிடம் காட்டினேன், இந்த முறை விந்தகப் புற்றுநோய் என்று எண்ணவில்லை, "இரண்டிலும் இருக்கிறதா?" என்று கேட்டார். அது போதும் எனக்கு. முதலில் வரும் இடத்தில் "விந்தகத்திலும் (விதை) சில புற்றுக்கட்டிகளிலும் காணப்படும் புரதம், ஆண் பெண் இருவருக்கும் வரும் கட்டிகளில் இருக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மூளைப் பாதிப்புப் பற்றிய எச்சரிக்கையைக் கையேட்டில் எங்கே வைப்பது என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து

----

பொதுப்புரதம் என்றால் எல்லா உயிரணுவிலும் பொதுவாக இருப்பது என்று நாளை ஒருவர் பொருள் கொள்வார், பாருங்கள். எண்ணிக்கையில் நீங்கள் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். கையேட்டுக்கு அது இருக்கட்டும், அகராதிக்குத் துயிலெழு புரதத்தையும் பதிந்து வையுங்கள். மென்தொடர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து