3,750 கலோரி கொடுத்தால் போதுமா?

பழைய மெஸ்காரன்:
நேற்று கணக்கன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அமெரிக்கப் படையின் எம்.ஆர்.ஈ. (சமைக்காமல் அப்படியே தின்னக்கூடிய உணவு) பொட்டலம் ஒன்றில் சுமார் 1,250 கலோரி. நாளுக்கு மூன்று, ஆக 3,750. படையினர் சாப்பாட்டுப் பிரச்சினை 1981லேயே தீர்ந்துவிட்டது, இனிச் சமையல்காரர் எதற்கு?" என்கிறார். 14 வருடம் படை மெஸ்ஸில் அடுப்படியில் நின்றவன் நான். பொட்டலத்தில் இருப்பது வேறு, வயிற்றில் இறங்குவது வேறு. 1983ல் ஹவாயில் 34 நாள் சோதித்தார்கள். நாளுக்கு 3,600 கலோரி கொடுத்தும், பொட்டலம் மட்டுமே கிடைத்த பிரிவு தின்றது சுமார் 2,200. உடம்பு இளைத்தது. பதில் சொல்லுங்கள்.

கணக்கன்:
அந்தப் பொட்டலம் இப்போது இல்லை. அன்று 12 வகை, இன்று 24. சூடாக்கும் பையும் உள்ளேயே வருகிறது. 3,750 கொடுத்தால் 3,750தான். தின்னாமல் விடுவது அவனவன் பாடு.

பழைய மெஸ்காரன்:
அவனவன் பாடா? ஐந்து நாள் ரோந்துக்கு 15 பொட்டலம். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு மேல். தண்ணீரும் தோட்டாவும் தனிச் சுமை. கிளம்புமுன் பிரித்து, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து எண்ணினால்தான் உங்கள் 3,750 வரும்.

தேன்மொழி:
அதற்குத்தான் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் ரேஷன் வந்தது. முழு நாளுக்கும் ஒரே பை, சுமார் 2,900 கலோரி, நடந்துகொண்டே தின்னலாம். சுமை குறையட்டும் என்று கலோரியையே குறைத்தார்கள்.

கணக்கன்:
அது சண்டையின் முதல் 72 மணி நேரத்துக்கு. நான் பேசுவது அன்றாடச் சாப்பாடு. அன்றாடம் 3,750.

பழைய மெஸ்காரன்:
அன்றாடமா! எம்.ஆர்.ஈ.யை மட்டும் 21 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அவர்களே வைத்த விதி. ஏன் வைத்தார்கள்? இரண்டாம் உலகப் போரில் கே ரேஷன் என்ற பொட்டல உணவைச் சில நாள் தாங்கத்தான் தயாரித்தார்கள். 1944ல் பர்மாக் காட்டில் மெரில் தலைமையிலான அமெரிக்கப் படைக்கு மாதக்கணக்கில் அதையே போட்டார்கள். காகிதத்தில் சுமார் 2,800 கலோரி. ஆட்கள் எலும்பும் தோலுமாகி நோயில் விழுந்தார்கள். அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்.

நாடோடி:
சூடான சமையல் வேண்டுமென்றால் எரிபொருள், தண்ணீர், லாரி எல்லாம் முன்வரிசைவரை போக வேண்டும். எதிரி முதலில் அடிப்பதே அந்த லாரியைத்தான். நெப்போலியன் படைக்கு டின் உணவு கண்டுபிடித்ததும் இதனால்தான்.

தேன்மொழி:
உணவைக் கெடாமல் அடைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் அடைத்தது கண்ணாடிப் புட்டியில். டின்னுக்கு 1810ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியவர் பீட்டர் டூராண்ட். போன மாதமும் இதே தப்பை எழுதினீர்கள், அன்றும் திருத்தினேன்.

நாடோடி:
அன்று பத்துப் பேர் முன்னால் நீங்கள் திருத்திய விதத்தை நான் மறக்கவில்லை. புட்டியோ டின்னோ, காலம் நெப்போலியன் காலம்தானே?

தேன்மொழி:
டின் என்று எழுதியது நீங்கள்.

பழைய மெஸ்காரன்:
புட்டிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அதே 1983 சோதனையில் காலையும் இரவும் சூடாகச் சமைத்துப் போட்ட இன்னொரு பிரிவும் இருந்தது. அவர்கள் சுமார் 2,950 சாப்பிட்டார்கள். அதே மலை, அதே பயிற்சி. கணக்கன் இதை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறார்.

கணக்கன்:
தொடுகிறேன். 2,950உம் 3,750ஐ விடக் குறைவுதானே? உங்கள் அடுப்பும் எட்டவில்லை.

பழைய மெஸ்காரன்:
700 கலோரிக்கு மேல் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது! களைத்து வந்தவனுக்குத் தட்டில் சூடாகப் போட்டு, பக்கத்தில் நின்று 'இன்னும் கொஞ்சம் வை' என்று கேட்க வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியும்.

கணக்கன்:
உங்கள் 14 வருடத்தை எத்தனை தடவைதான் சொல்வீர்கள்? எண்ணைப் பேசுங்கள். 3,750.

பழைய மெஸ்காரன்:
வயிற்றில் எவ்வளவு?

நாடோடி:
தேன்மொழி, டூராண்ட் தானாகக் கண்டுபிடிக்கவில்லை, பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கேட்டறிந்ததைத்தான் பதிவு செய்தார். அதையும் எழுதுங்கள்.