லாகின் பேரு வெச்சு வாங்கிக் கட்டிக்கிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

பாரிஸ் சிஸ்டம் ஆளு:
ராஜாஜி சாலை பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். ஹெட் ஆபீஸ் வடக்க. முதல் பேரு, புள்ளி, சர்நேம்னு ஆர்டர். நம்ம ஊர்ல ஏதுங்க சர்நேம்? இனிஷியலை விரிச்சு அப்பா பேரைப் போட்டேன். புதுசா சேர்ந்த பொண்ணு 'கவிதா.செல்வம்' ஆயிடுச்சு. மறு வாரமே வெளியூர் பார்ட்டிங்க 'டியர் மிஸ்டர் செல்வம்'னு மெயில் போட ஆரம்பிச்சாங்க. மாத்தித் தரேம்மான்னு போய் நின்னேன். அது ஸ்க்ரீனையே பாத்துட்டு, "எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு ணா. ஒருத்தரும் மிஸ்டர்னு கூப்ட்டதில்ல. இருக்கட்டும்"னு சொல்லிட்டு ஷிப்பிங் பில் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. விளையாட்டா சொல்லுச்சா, நெஜமாவான்னு இன்னிவரைக்கும் பிடிபடல.

மணலி ஷிப்ட்:
எங்க பிளான்ட்ல எஸ்.குமார் ரெண்டு பேர். 'குமார்.எஸ்' சின்னப் பையனுக்குப் போச்சு, அவன்தான் முதல்ல கம்ப்யூட்டர்ல உக்காந்தான். 28 வருஷ சர்வீஸ் ஆளுக்கு 'குமார்.எஸ்2'. மனுஷன் டிபன் டப்பாவை என் டேபிள்ல டொக்குனு வெச்சு, "நான் ரெண்டாம் நம்பரா?"ன்னாரு. கேன்டீன்ல பேரே 'எஸ்டூ' ஆயிடுச்சு. ரிடையர் ஆன அன்னிக்கு எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு. என் டேபிளை மட்டும் தாண்டிப் போயிட்டாரு.

தண்டையார்பேட்டை:
அதுக்குத்தான் பேரே வேணாம், எம்ப்ளாயி நம்பரைப் போட்டுத் தொலைங்கன்றேன். சண்டையே வராது.

யார்டு கேட்:
நம்பர் போடச் சொல்றவரே, நைட் ஷிப்ட் கேட்ல உக்காந்திருக்கீங்களா? எங்க கன்டெய்னர் யார்டுல நம்பர்தான். ஆறு இலக்கம் எவனுக்கும் ஞாபகம் நிக்கல. சூப்பர்வைசர் நம்பரையும் பாஸ்வேர்டையும் மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டானுங்க. ஒருநாள் 20 அடி பெட்டி போகவேண்டிய வண்டியில 40 அடின்னு என்ட்ரி. லாக்ல பாத்தா சூப்பர்வைசர். அவரு அன்னிக்கு திருப்பதில மொட்டை போட்டுக்கிட்டு இருக்காரு!

ராயபுரம் நெட்வொர்க்:
நம்ம கதை சின்னது. ஒரு அக்கா கல்யாணம் ஆனதும் பேரை மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன், அவ்ளோதான். ஆனா புதுசா செய்றவங்க இதைக் கவனிங்க. விண்டோஸ் டொமைன்ல (ஆபீஸ் லாகின் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சு நடத்துற ஏற்பாடு) பழைய பாணி லாகின் பேரு 20 எழுத்தைத் தாண்டாது. வெங்கடசுப்ரமணியன் இங்கிலீஷ்ல 18. புள்ளி, ஒரு இனிஷியல் சேர்த்தா சரியா 20. ரெண்டு இனிஷியல்காரர்னா கதை முடிஞ்சுது. பேரை மாத்தினா யூசர்ஸ்குள்ள இருக்கிற அவங்க ஃபோல்டர் பழைய பேர்லயே நிக்கும், பதறாதீங்க. உள்ள இருக்கிற எஸ்ஐடி, அதாவது விண்டோஸ் ஒவ்வொரு லாகினுக்கும் குடுக்கிற அடையாள நம்பர், மாறாது, பர்மிஷனும் போகாது. விண்டோஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணுதான், லினக்ஸ்ல அப்படி இல்ல. அதனால எல்லாத்தையும் சின்ன எழுத்துலயே வெச்சுடுங்க. லட்சுமிக்கு நடுவுல எக்ஸா, கேஎஸ்எச்சான்னு அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க. முக்கியமா, வேலையை விட்டுப் போனவர் பேரைப் புது ஆளுக்குக் குடுக்காதீங்க, பழைய பார்ட்டி மெயிலெல்லாம் இவன் தலையில விடியும்.

பாரிஸ் சிஸ்டம் ஆளு:
கிளாஸ் எடுக்கச் சொல்லி யாரு ணா கேட்டா? மணலி அண்ணே, அந்த 'எஸ்2'வை அப்புறமாச்சும் மாத்திக் குடுத்தீங்களா?

மணலி ஷிப்ட்:
எங்க! அதுக்குள்ள 'எஸ்3' சேர்ந்துட்டான்.