இரவில் எழுந்த நீரூற்றுகள் காலையில் எங்கே போயின?

பக்கத்திரை:
தமிழ்ச் சங்க நாடகங்களுக்குப் பதினைந்து ஆண்டுகளாக விளக்கு அமைத்து வருகிறேன். போன மாதம் மகளோடு அனஹைமில் உள்ள டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் ‘வேர்ல்ட் ஆஃப் கலர்’ பார்த்தேன். குளம் முழுக்க நீர்த்தூண்கள், நீர்த்திரையில் ஓடும் படங்கள், நடுவே நெருப்பு. மறுநாள் காலை அதே கைப்பிடிக் கம்பியருகே போய் நின்றால் வெறும் தண்ணீர். குழாய், கேபிள் எதுவும் கண்ணில் படவில்லை. “வேறென்ன தேடுகிறீர்கள் அப்பா?” என்றாள் மகள். எங்கள் அரங்கில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மறைப்பதற்கே நான் படாத பாடு படுகிறேன். அவ்வளவும் எங்கே போயின? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்மட்டம்:
எங்கும் போகவில்லை, உங்கள் காலடியில்தான் இருந்தன! ஏறத்தாழ 1,200 நீரூற்றுகளும் நீருக்கடியில் உள்ள மேடைகளில் பொருத்தப்பட்டவை. காட்சி நேரத்தில் அந்த மேடைகள் உயரும், முடிந்ததும் அமிழ்ந்துவிடும். 2010 ஜூன் 11 அன்று காட்சி தொடங்கியது. அதற்கு முன்பு குளத்தை வற்றவைத்துத்தான் கட்டினார்கள். இதற்கு விலையும் உண்டு. விளக்கிலிருந்து இணைப்புவரை எதிலும் நீர் புகக் கூடாது. பழுதென்றால் ஏணி போதாது, ஆள் நீருக்குள் இறங்க வேண்டியும் வரும்.

ஏரிக்கரை:
மறைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவையும் பாருங்கள். அங்கே ஓர் ஏரியைச் சுற்றிப் பல நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. முன்பு அந்த ஏரியில் ‘இல்லுமினேஷன்ஸ்’ என்ற இரவுக் காட்சி நடந்தபோது, பெரிய பூகோள உருண்டை காட்சியின் நடுவில்தான் ஏரியின் மையத்துக்கு மிதந்து வரும். 2021இல் வந்த ‘ஹார்மோனியஸ்’ நிகழ்ச்சிக்கு ஐந்து பெரிய மிதவைகள். நடுவில் வளையம், சுற்றிலும் திரைகள் ஏந்திய நான்கு. பகலிலும் அவை ஏரியிலேயே நின்றன. அழகுக்காக அவற்றிலிருந்து நீரூற்றுகளைப் பீய்ச்சினார்கள். ஆனால் அந்த ஏரியின் அழகே எதிர்க்கரை தெரிவதில்தான் இருக்கிறது. ஒரு நாட்டு அரங்கின் முன் நின்று இன்னொரு நாட்டின் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வையை இரும்பு மறித்தது. 2023 ஏப்ரலில் நிகழ்ச்சி முடிந்தது, மிதவைகளும் அகற்றப்பட்டன. தண்ணீர் தட்டையானது. உயரமான பொருள் அதில் எங்கே ஒளியும்?

இலைநிழல்:
நிலத்தில் வேறு வழி உண்டு. டிஸ்னி பூங்காக்களில் வேலிகள், சேவைக் கதவுகள், மின்பெட்டிகளுக்கு மங்கிய ஒரு பச்சையைப் பூசுகிறார்கள். ‘கோ அவே கிரீன்’ என்று அதற்குப் பெயர். செடிகளுக்கு நடுவே கண் அதைத் தாண்டிப் போய்விடும். பின்னணி மாறினால் அந்தப் பச்சையே எடுப்பாகத் தெரியும். ஆகவே எந்த நிறம் என்று கேட்பதற்கு முன், பார்ப்பவர் எங்கே நிற்கிறார், பொருளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கருக்கு ஒலி ஊடுருவும் மெல்லிய துணிதான் போட வேண்டும். கனத்த திரை போட்டால் வசனம் மங்கிவிடும்.

பக்கத்திரை:
நெஞ்சார்ந்த நன்றி. தவறு புரிந்துவிட்டது. நான் எப்போதும் நடு வரிசையில் உட்கார்ந்துதான் சரிபார்த்திருக்கிறேன். முதியவர்களைக் கதவருகே, ஓர இருக்கைகளில் அமர்த்துகிறோம். இத்தனை ஆண்டுகளும் அவர்கள் நாடகத்தோடு என் கம்பிகளையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஒத்திகைக்கு மகளையும் அழைத்துப் போகிறேன். அவள் ஓர இருக்கைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, தெரிவதையெல்லாம் சொல்லட்டும்.