டிராஃப்டில் நான்காவது தேர்வு: மக்காரா, டிரைசைட்லா?

2025–26 என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) பருவத்துக்கான எங்கள் ஃபேன்டசி ஹாக்கி டிராஃப்ட் வரும் சனிக்கிழமை நடக்கிறது; நிஜ வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி அமைப்போம், அவர்களின் ஆட்டத்தைப் பொறுத்து எங்களுக்குப் புள்ளி கிடைக்கும். முதல் சுற்றில் டிஃபென்ஸ்மேனை (தற்காப்பு வீரர்) எடுப்பதா, ஃபார்வர்டை (தாக்குதல் வீரர்) எடுப்பதா என்று எவ்வளவு யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை. ரொறன்ரோவில் என்னுடன் பணிபுரிவோர் சேர்ந்து நடத்தும் 12 அணி லீக் இது. கோலுக்கு 3 புள்ளி, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) 2. ஒவ்வொரு அணியிலும் நான்கு டிஃபென்ஸ்மேன்கள் இருக்க வேண்டும். தேர்வு வரிசை அடுத்த சுற்றில் தலைகீழாகத் திரும்புவதால், என் முறை நான்காவது, அதன்பின் 21-ஆவது. முன்னணி ஃபார்வர்டுகளான மெக்டேவிட், மெக்கினன், குச்செரோவ் மூவரும் எனக்கு முன்பே போய்விடுவார்கள் என்பதால், எட்மன்டனின் ஃபார்வர்ட் லியோன் டிரைசைட்ல், கொலராடோவின் டிஃபென்ஸ்மேன் கேல் மக்கார் ஆகிய இருவரில் ஒருவரைத்தான் நான் எடுக்க வேண்டியிருக்கும்.

2024–25 பருவத்தை எங்கள் விதிப்படி கணக்கிட்டுப் பார்த்தேன். 52 கோல், 54 அசிஸ்ட் எடுத்த டிரைசைட்லுக்கு 264 வருகிறது. 30 கோல், 62 அசிஸ்ட் எடுத்த மக்காருக்கு 214. மேலோட்டமாகப் பார்த்தால் டிரைசைட்ல்தான். ஆனால் ஃபார்வர்டுகளில் பாஸ்டனின் பாஸ்ட்ர்னாக்கும் 255 வரை வந்துவிடுகிறார்; டிஃபென்ஸ்மேன்களிலோ மக்காருக்கு அடுத்த வெரென்ஸ்கி 187-இலும் குவின் ஹியூஸ் 168-இலும் நின்றுவிடுகிறார்கள். இந்த இடைவெளிதான் என்னைத் தடுக்கிறது.

மாதிரி டிராஃப்டுகளில் இரண்டு வழிகளையும் சோதித்தேன். மக்காரை எடுத்தால் கோல்கள் குறைகின்றன, டிரைசைட்லை எடுத்தால் பின்வரிசை வலுவிழக்கிறது. என் முறையை மாற்றிக்கொள்ளவும் யாரும் இசையவில்லை.

இந்தப் புள்ளிமுறையில் நான்காவது இடத்தில் நீங்கள் யாரை எடுப்பீர்கள், ஏன்?