டொலர் வருது, வறுமை ஏன் போகேல்ல?

கேள்வி: இலங்கையின் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இலேயே தொடங்கியாச்சு. ஆடை ஏற்றுமதியில் இவ்வளவு டொலர் வந்தும், தையல் மெஷினில் இருக்கிற பிள்ளையின் கையில் ஏன் காசு தங்குதில்லை?

பதில்: ஏற்றுமதித் தொகையை மட்டும் பார்க்காதீங்கோ. துணி, ஸிப், நூல் பெரும்பாலும் இறக்குமதி. அந்தக் காசு வந்த வழியே திரும்பிப் போயிடும். இங்கே மிஞ்சுவது சம்பளம், மின்கட்டணம், கொஞ்சம் வரி. ஜீஎஸ்பி பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய வரிச்சலுகை 2017இல் திரும்பக் கிடைத்தும், சீனத் துணியில் தைத்த சட்டைக்கு ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. துணியும் இங்கேயோ விதி அனுமதிக்கும் அயல்நாட்டிலோ நெய்திருக்க வேணும். இன்னொரு தையல் ஆலையைவிட ஒரு துணி ஆலைதான் எங்களுக்குத் தேவை.

பதில்: சம்பளச் சீட்டையும் பாருங்கோ. முதுமைக்காகச் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈடிஎஃப்) முதலாளி இன்னும் 3. ஓவர்டைமுக்கு இது கணக்கில்லை. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து ஓவர்டைமைக் கூட்டினால், கையில் வருவது பெரிசாத் தெரியும், முதுமைக்கான சேமிப்பு மெலிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்: முதலாளி இந்த நிதிகளைக் கட்டாமல் விட்டால்?

பதில்: சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கோ. சீட்டு இல்லாட்டி இழுபடும்.