தலையீற்று நாய்: இரண்டு குட்டிக்குப் பிறகு முக்கிக்கொண்டே இருக்கிறாள், உதவுங்கள்

மழைக்குருவி – இரவு 11.40
எங்கள் நாய்க்கு இது தலையீற்று. எடை 15 கிலோ, இணை சேர்ந்து 62 நாள். எக்ஸ்ரேயில் ஐந்து குட்டிகள் தெரிந்தன. இன்று காலை உடல்வெப்பம் 36.9 டிகிரிக்கு இறங்கியது. அப்போதிருந்து சாப்பிடவில்லை, துணிகளைப் பிறாண்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். இரவு 9 மணிக்கு முதல் குட்டி, 9.35க்கு இரண்டாவது. இரண்டும் பால் குடிக்கின்றன. பிறகு ஓய்ந்து படுத்தவள் இப்போது மறுபடி முக்குகிறாள். வயிறு பலகையாக இறுகித் தளர்கிறது. எப்போது தொடங்கினாள் என்று நான் கவனிக்கவில்லை, அரை மணி இருக்கலாம். கரும்பச்சையாக நீரும் வழிகிறது. வழக்கமான மருத்துவர் தொலைபேசியை எடுக்கவில்லை. என்ன செய்வது?

வாசல்திண்ணை – 11.44
ஆக்ஸிடோசின் ஊசி ஒன்று போட்டால் மளமளவென்று வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

ஆற்றங்கரை – 11.46
திண்ணை, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். அது கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, வழி அடைபட்டிருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பையே கிழிந்துவிடலாம். மருத்துவர் பரிசோதித்த பிறகு போட வேண்டிய மருந்து அது.

மழைக்குருவி, பச்சை நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது நஞ்சுக்கொடி பிரியும்போது வருவது. ஒரு குட்டிகூடப் பிறக்காத நிலையில் வந்திருந்தால்தான் உடனே ஓட வேண்டும். உங்கள் கவலை கடிகாரமாக இருக்கட்டும். முக்காமல் நிம்மதியாகப் படுத்திருந்தால் இரண்டு குட்டிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். பலமாக முக்கியும் 20, 30 நிமிடத்தில் எதுவும் வராவிட்டால் பொறுக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டு கணக்குமே தாண்டிவிட்டன. இரவில் திறந்திருக்கும் வேறு மருத்துவமனையை வீட்டில் ஒருவர் தேடட்டும். துவாரத்தில் ஏதாவது தெரிகிறதா?

மழைக்குருவி – 11.51
மருத்துவமனை கிடைத்துவிட்டது, வண்டிக்குச் சொல்லியிருக்கிறோம், 20 நிமிடம் ஆகுமாம். இரண்டு பாதங்கள் தெரிகின்றன அக்கா. உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருக்கிறது. முக்கும்போது வெளியே வருகிறது, விட்டதும் உள்ளே போய்விடுகிறது. பை உடைந்துவிட்டது.

ஆற்றங்கரை – 11.54
அப்படியானால் அவை பின்னங்கால்கள். நாய்களில் பத்தில் நான்கு குட்டிகள்வரை இப்படித்தான் வருகின்றன, அது மட்டுமே கோளாறு ஆகாது. (வால் மட்டும் தெரிந்து கால்கள் உள்ளே மடங்கியிருந்தால் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.) ஆனால் பை உடைந்த பிறகு தலை உள்ளே சிக்கி நிற்பது குட்டிக்கு ஆபத்து. வண்டி வரும்வரை ஒன்று முயலலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீரில் கரையும் வழவழப்புக் களிம்பு இருந்தால் துவாரத்தைச் சுற்றித் தடவுங்கள். குட்டி வழுக்கும், அதனால் சுத்தமான உலர்ந்த துணியால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள், ஒற்றைக் காலை ஒருபோதும் இழுக்காதீர்கள். இடுப்பு வெளியே வந்ததும் பிடியை இடுப்புக்கு மாற்றுங்கள். அவள் முக்கும்போது மட்டும், நேராகப் பின்னால் இழுக்காமல், அவள் பின்னங்கால்களின் பக்கமாகக் கீழ்நோக்கி வளைத்துக் கொண்டுவர வேண்டும். முக்கல் நின்றால் இழுப்பதும் நிற்க வேண்டும், குட்டி உள்ளே திரும்பாதபடி பிடித்திருந்தால் போதும். மூன்று நான்கு முக்கலில் நகராவிட்டால் விட்டுவிடுங்கள்.

வந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி வைத்து, துண்டால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேயுங்கள். தலைகீழாகப் பிடித்து வீசும் பழக்கம் சிலருக்கு உண்டு, மூளையில் இரத்தம் கசியலாம், வேண்டவே வேண்டாம்.

மழைக்குருவி – 12.25
வண்டியிலிருந்து எழுதுகிறேன். மூன்றாவது முக்கலில் வந்துவிட்டது. ஈரத்துணி மாதிரி கையில் துவண்டு கிடந்தது. தேய்த்தேன், தேய்த்தேன், ஐந்து நிமிடம் இருக்கும். கொட்டாவி விடுவதுபோல் வாயை ஒருமுறை திறந்தது, பிறகுதான் கத்தியது.

மழைக்குருவி – மறுநாள் காலை 7.10
நான்காவது குட்டியை மருத்துவமனையில் பரிசோதித்து, ஊசி போட்டு வரவைத்தார்கள். ஐந்தாவது உயிரில்லாமல் பிறந்தது. அம்மா நலம், வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மூன்றாவது குட்டிதான் கவலை. பிறந்த எடை 260 கிராம். மற்றவை காம்பைக் கவ்வும்போது இது ஓரமாகப் படுத்து மெல்ல முனகுகிறது. மாட்டுப்பால் காய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விடலாமா?

தொட்டிச்செடி – 7.18
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். பாலை ஒதுக்கி வையுங்கள். விரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்கிறதா?

மழைக்குருவி – 7.20
ஆமாம், சில்லென்று இருக்கிறது.

தொட்டிச்செடி – 7.31
அப்படியென்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது, தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. உடல் குளிர்ந்துவிட்டால் குடலும் வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே தேங்கும். நான் பார்த்தவரை, பிழைத்திருக்க வேண்டிய குட்டிகள் அவசர அன்பினால்தான் போகின்றன.

சட்டைக்குள் உங்கள் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துணி சுற்றிய வெந்நீர்ப் பையின் அருகே வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறட்டும், திடீர்ச் சூடு கெடுதல். முதல் வாரம் குட்டியின் உடல்வெப்பம் 35, 36 டிகிரி இருந்தாலே சரி. படுக்கை 29 முதல் 32 டிகிரி வரை இருக்கட்டும், ஆனால் பெட்டியின் ஒரு பாதியை மட்டும் சூடாக்குங்கள். மறுபாதி தப்பிப் போவதற்கு.

சூடேறி வாயைச் சப்பத் தொடங்கியதும் அம்மாவின் பின்காம்பில் வையுங்கள், அங்கேதான் பால் அதிகம். சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் ஈர்ப்பது முதல் நாளோடு முடிந்துவிடும், அதனால் இன்றே குடிக்க வேண்டும். அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்றும் பாருங்கள், மூக்கு வழியே பால் குமிழியிட்டால் சந்தேகம். புட்டிப்பால் தேவைப்பட்டால் நாய்க்குட்டிகளுக்கென்றே வரும் பால்மாவு வாங்குங்கள், மாட்டுப்பாலில் அவற்றுக்குப் புரதமும் கொழுப்பும் போதாது. குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். மதியத்துக்குள் சப்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

மழைக்குருவி – 11.05
சட்டைக்குள் இரண்டு மணி நேரம் இருந்தது. இப்போது காம்பைக் கவ்விக்கொண்டு முன்னங்கால்களால் மடியைப் பிசைகிறது!

ஆற்றங்கரை – 11.20
தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். அம்மாவை மறந்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் வாரங்களில் கால் விறைத்து நடந்தாலோ நடுங்கினாலோ இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கலாம், அதற்குக் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஈன்ற பிறகு துவாரத்தில் வழியும் கழிவுநீர் நாறினாலும் காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

மழைக்குருவி – ஒன்பதாம் நாள்
மூன்றாவது குட்டி 505 கிராம். கழிவுநீர் செம்பழுப்பாக இருக்கிறது, நாற்றமில்லை. கண் இன்னும் திறக்கவில்லை. வீட்டில் அதற்குப் பின்வாசல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.