வேட்பாளரின் பாலினத்தைப் பார்த்து வாக்களிக்கலாமா?

கேள்வி: முதல்வாக்கு

வரும் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். எங்கள் தொகுதியில் இருவருக்கிடையேதான் உண்மையான போட்டி. ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவருடைய கட்சிகளின் வாக்குறுதிகளிலும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. படிப்பு, பொதுவாழ்வில் கழித்த ஆண்டுகள் ஆகியவையும் ஏறத்தாழ ஒன்றே. பெண் வேட்பாளருக்கு வாக்களிக்கலாம் என்று மனம் சாய்கிறது. ஆனால் காரணத்தைத் தேடிப் பார்த்தால், அவர் பெண் என்பதைத் தவிர வேறொன்றும் கைக்குக் கிடைக்கவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "பெண் என்பதற்காக ஒருவருக்கு வாக்களிக்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறாய், பெண் என்பதற்காகவே வாக்களிப்பேன் என்று நீ சொல்வது மட்டும் எப்படி நியாயமாகும்?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அண்ணன் சொல்வது சரிதானா?

மறுமொழி 1: நடுவழி

உங்கள் அண்ணன் சொல்வதே சரி என்பது என் கருத்து. அவையில் போய் அமர்பவர் நம் சார்பில் சட்டங்களுக்குக் கை தூக்கப் போகிறவர். அந்தக் கை யாருடையது என்பதைவிட எதற்காக உயர்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். மார்கரெட் தாட்சர் 1979 முதல் 1990 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தார். அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவருடைய அமைச்சரவையில் அவரைத் தவிர இடம்பெற்ற பெண் ஒரே ஒருவர், அதுவும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் மட்டுமே. உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலையில் பதவியேற்றார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2020இல் அமைந்த இலங்கை நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர். உச்சியில் ஒரு பெண்ணை அமர்த்திவிட்டால் மற்றப் பெண்களுக்குக் கதவு தானாகத் திறக்கும் என்று நம்பி வாக்களிப்பவர்கள் இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2: ஏட்டுச்சுரைக்காய்

தாட்சரை இழுக்காமல் இந்த விவாதம் எங்கும் நடந்து நான் பார்த்ததில்லை. ஏமாற்றம் தந்த ஓர் ஆண் பிரதமரைக் காட்டி, ஆண்களுக்கு வாக்களித்துப் பயனில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கேள்வி கேட்டவர், பாலினத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது தம் விருப்பத்தில் இருப்பதாக எண்ணுகிறார். அப்படியில்லை என்பதற்கு பிரான்சில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அங்கே 2015 மார்ச்சில் நடந்த மாவட்ட மன்றத் தேர்தலில், ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாகத்தான் போட்டியிட வேண்டும் என்ற புதிய முறை வந்தது. வாக்காளர் ஓர் இணையைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, அதிலுள்ள ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே பாலினத்தைப் பார்த்து வாக்களிப்பதற்கு அங்கே வழியே இல்லை என்று நினைப்போம். ஆனால் வாக்குச்சீட்டில் இருவர் பெயரும் அகரவரிசைப்படி அச்சிடப்பட்டன. பெண்ணின் பெயர் மேலே வருவதும் கீழே வருவதும் குடும்பப்பெயரின் முதலெழுத்தைப் பொறுத்த தற்செயல். பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, வலதுசாரிக் கட்சிகளின் இணைகளில் பெண்ணின் பெயர் மேலே இருந்த இடங்களில் வாக்கு குறைந்திருப்பது தெரியவந்தது. மேலே இருப்பவரே முதன்மை வேட்பாளர் என்று சிலர் எண்ணியிருக்க வேண்டும். அதைவிடக் கவனிக்கத்தக்கது இது: வேட்பாளர்களைப் பற்றிய விவரங்கள் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்த இடங்களில் இந்தக் குறைவு தென்படவில்லை.

இந்தியாவிலிருந்தும் ஒரு சான்று சொல்லலாம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்காளக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தலைவர் பேசுவதாக அமைந்த ஒரே உரையைச் சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் கேட்கச் செய்தார்கள். சொல்லுக்குச் சொல் அதே உரைதான். பெண் தலைவரைக் கண்டிராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டார்கள்; கண்டிருந்த ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆண் தலைவர் இருப்பதுதான் பிடிக்கும் என்ற விருப்பம் மட்டும் அங்கும் மாறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டாலும் திறமையை ஒப்புக்கொள்ளப் பழகிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேட்பாளரைப் பற்றி நமக்குத் தெரியாத இடத்தில்தான் பாலினம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் அழைத்து அது வருவதில்லை. எனவே அண்ணனுக்கு என் பதில்: சாய்ந்த தராசில் எடை பார்ப்பதற்கு முன்னால் தட்டைச் சமன் செய்வதை யாரும் கள்ளத்தராசு என்று சொல்வதில்லை.

மறுமொழி 3: துண்டுச்சீட்டு

நான் ஆய்வு எதுவும் படித்தவளல்ல. நான் பணிபுரிந்த நிறுவனத்தின் ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத் தேர்தலில் ஒருமுறை வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தை நடத்தித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. உறுப்பினர்கள் தங்கள் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் பெயரிடாமல் எழுதி ஒரு பெட்டியில் போட வேண்டும்; நான் அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும். தலைவர் பதவிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண் தணிக்கைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவர், பிறர் எழுதிய கணக்கில் பிழை கண்டுபிடிப்பதே அவருடைய அன்றாட வேலை. அவருக்கு வந்த சீட்டுகளில் ஒன்றில், "நீங்கள் தலைவரானால் வரவு செலவுக் கணக்கை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று எழுதியிருந்தது. அந்த ஆண் வேட்பாளருக்கு அப்படி ஒரு கேள்வியும் வரவில்லை. அவருக்குக் கணக்கு தெரியுமா என்பது இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. சீட்டை நான் உரக்கப் படித்தேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான்தான்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.

எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நான் நினைக்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தால் பெண்ணின் கையெழுத்தாகவே பட்டது. அந்தப் பெண் வேட்பாளர் தேர்தலில் தோற்றார். ஏட்டுச்சுரைக்காய் அவர்கள் சொன்ன, தெரியாத இடத்தில் வந்து உட்காரும் பாலினத்தை நான் அன்று அந்தச் சீட்டில்தான் பார்த்தேன்.

மறுமொழி 4: நடுவழி

ஏட்டுச்சுரைக்காய் அவர்களே, தராசு உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் தட்டை எவ்வளவு சமன் செய்ய வேண்டும் என்று எந்த வாக்காளருக்குத் தெரியும்? ஒரு வாக்கைப் பிளந்து, தகுதிக்கு முக்கால், பாலினத்துக்குக் கால் என்று போட முடியாது. மேலும், நீங்கள் சொன்ன இரண்டு சான்றுகளும் என் பக்கமே பேசுகின்றன. விவரம் தெரிந்தவுடன் பாலினத்தின் செல்வாக்கு குறைகிறது என்றால், வாக்காளர் செய்ய வேண்டியது விவரம் தேடுவதுதானே? 1999இல் நியூசிலாந்தின் வைராரப்பா என்ற கிராமப்புறத் தொகுதி, ஜார்ஜினா பேயர் என்ற திருநங்கையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தம்மைத் திருநங்கை என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரானவர்களில் உலகிலேயே முதலாமவர் அவர்தான். பழமைப்பற்று மிகுந்ததாகப் பெயர்பெற்ற தொகுதி அது. ஆனால் அங்குள்ள கார்ட்டர்டன் நகரத்துக்கு அவர் 1995 முதல் மேயராக இருந்தவர். என்ன செய்யக்கூடியவர் என்பதை மக்கள் நேரில் பார்த்திருந்தார்கள்.

மறுமொழி 5: வேட்புமனு

அவரை மேயராக்கிப் பார்க்க முதலில் ஒரு சிலர் துணிந்திருக்க வேண்டுமே, நடுவழி அவர்களே! அந்தத் துணிவு இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் விவரம் எங்கிருந்து வரும்?

எல்லோரும் வாக்குச்சாவடியையே சுற்றி வருகிறீர்கள். அதற்கு வெகு முன்பே, கட்சி அலுவலகத்தில் வேட்பாளர் பட்டியல் எழுதப்படும்போதே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் நின்றவர்களில் பெண்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்; வென்ற 543 பேரில் பெண்கள் 74 பேர். நின்றவர்களில் இருந்த பங்கைவிட வென்றவர்களில் அவர்கள் பங்கு கூடுதலாகவே இருக்கிறது. இதை வைத்து வாக்காளருக்கு ஓரவஞ்சனையே இல்லை என்று நான் வாதிடவில்லை (சுயேச்சைகளில் ஆண்களே மிகுதி என்பதும் ஒரு காரணம்), ஆனால் பழி முழுவதையும் வாக்காளர் மீது போட இடமில்லை. இடம் கொடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. பிரிட்டனில் 2005 பொதுத்தேர்தலை ஆராய்ந்தவர்கள், கன்சர்வேட்டிவ் கட்சியின் பெண் வேட்பாளர்கள் ஆண்களைவிட வெல்வதற்குக் கடினமான தொகுதிகளில் நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அவர்கள் குறைவான வாக்குகள் பெற்றதற்குத் தொகுதியே காரணமாக இருந்தது. தோற்கும் தொகுதியைக் கொடுத்துவிட்டுப் பெண்கள் நின்றால் தோற்கிறார்கள் என்று கணக்குக் காட்டுவது எளிது. அதே நாட்டில் தொழிற்கட்சி வெல்லக்கூடிய தொகுதிகள் பலவற்றில் பெண்களை மட்டுமே கொண்ட தேர்வுப் பட்டியலை வைத்ததால் 1997இல் அக்கட்சியின் பெண் உறுப்பினர்கள் 101 பேர் ஆனார்கள்.

எனவே கேள்வி கேட்டவருக்கு என் யோசனை: இரு வேட்பாளர்களையும் ஒப்பிட்டதுபோல, இரு கட்சிகளின் முழுப் பட்டியலையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். உங்கள் தொகுதியில் பெண்ணை நிறுத்திய கட்சி அவரை வெல்லும் இடத்தில் நிறுத்தியதா, பெயருக்கு நிறுத்தியதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: முதல்வாக்கு

எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்கும் இவற்றைப் படித்துக் காட்டினேன். தராசு உவமையை அவர் ஏற்கவில்லை. துண்டுச்சீட்டு அம்மா எழுதியதைக் கேட்டபோது மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அந்த இன்னொருவருக்குக் கணக்கு தெரியுமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், படிப்பும் அனுபவமும் இருவருக்கும் ஒன்றே என்று நான் எழுதியது சுவரொட்டிகளைப் பார்த்து எழுதியது. இன்று மாலை இருவருடைய வேட்புமனுப் பிரமாணப் பத்திரங்களையும் எடுத்து வைத்திருக்கிறோம். ஆண் வேட்பாளருடையதை நானும் பெண் வேட்பாளருடையதை அண்ணனும் படிப்பதாக ஏற்பாடு.

மறுமொழி 6: துண்டுச்சீட்டு

மாற்றிப் படியுங்கள், தம்பி. படித்து முடித்த பிறகு ஒருவர் கேட்ட கேள்விகளை மற்றவரின் வேட்பாளரைப் பற்றியும் கேளுங்கள்.